ஆப்பிரிக்க சர்க்கஸில் அப்பா

எங்கள் அப்பா பத்து நாள் சர்க்கஸில் வேலை பார்த்தார் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த தாத்தா, டிவியை அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறவர். ஆனால் அது நடந்தது. அந்தப் பத்து நாளும் நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன் என்பதும் நடந்தது. இரண்டாவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுப்பாள். மில்லைத் தவிர அப்பாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் சபைக்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பார். கல்யாணம், கிறிஸ்துமஸ் பவனி, சாவு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புக் கோட்டுதான். வாசித்துவிட்டு வந்ததும் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை பீரோவின் தலையில் ஏற்றிவிடுவார். ஒரே ஒரு தடவை ஊதிப் பார்க்கிறேன் என்று நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் "பொறவு பாப்போம் பாப்பா" என்றார்.

மில் சத்தத்தில் இருபது வருஷம் நின்றவர்களுக்குப் பேச்சு குறைந்துவிடும். இயந்திரங்கள் ஓடும்போது அங்கே யார் குரலும் யாருக்கும் எட்டாது. கையை ஆட்டி, விரலை மடக்கி, உதட்டை அசைத்துத்தான் எல்லா வேலையும் நடக்கும். அந்தப் பழக்கம் அப்பாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டுவார். சோறு போதுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். ஒரு நாளைக்கு அவர் எங்களிடம் பேசிய சொற்களை எண்ணிவிடலாம். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

சர்க்கஸ் கூடாரம் அடித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மைக் கட்டிய ஆட்டோ எங்கள் ஊர் தெருக்களிலும் சுற்றியது. "மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்திருக்கும் வீர சாகசக் கலைஞர்கள், நேரடி இசையுடன்" என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போனது. கினி எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. சிங்கம் உண்டா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் பேண்டு செட்டின் மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். சர்க்கஸில் டிரம்பெட் வாசிக்கிற ஆளுக்கு மஞ்சள் காமாலையாம். ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஒரு நாளைக்கு மட்டும் போய்ச் சமாளித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அப்பா அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை இறக்கித் தூசியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு நாள் என்று போனவர், மறுநாள் மில்லில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் பிறந்த அன்றைக்குக்கூட ஷிப்டுக்குப் போனவர் அவர்.

இரண்டொரு நாளில் எங்களுக்குப் பாஸ் கிடைத்தது. அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். முன் வரிசை நாற்காலி. மேடை போட்டு உட்கார்ந்திருந்த பேண்டுக்காரர்களுக்கு நடுவில் அப்பா இருந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு வரிசை தள்ளி என் வகுப்பு ஜெயந்தி அவள் வீட்டாரோடு வந்திருந்தாள். இடைவேளை விட்டதும் ஓடிப்போய், டிரம்பெட் வைத்திருப்பது எங்கள் அப்பா என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வருசம் கேட்டப்ப, இல்லன்ன?"

அவள் சொன்னது உண்மை. போன வருஷம் ஒரு நாள் சாவு ஊர்வலம் ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போனது. பூப்போட்ட வண்டிக்கு முன்னால் பேண்டு செட். வெயிலில் கன்னம் உப்ப, சிவப்புக் கோட்டில் வேர்வை ஊற, அப்பா வாசித்துக்கொண்டு நடந்தார். வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏட்டி, அது ஒங்கப்பாவா?" என்று ஜெயந்தி கேட்டாள். "எங்கப்பா மில்லுல இருக்காவ. அது வேற யாரோ" என்றேன் நான். அப்பா அப்போது பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார். அவருக்குத்தான் காது மந்தமாயிற்றே, அதிலும் வாசித்துக்கொண்டு வேறு இருந்தார் என்று அன்றைக்கு நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஜெயந்தி நம்ப மறுத்தாள். "இருந்து பாரு, என்னப் பாத்துச் சிரிப்பாவ" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு முழுக்க ஆப்பிரிக்கா. விளக்குகளை அணைத்தார்கள். இருட்டில் கூடாரத்தின் நான்கு பக்கமிருந்தும் மேளம் கேட்டது. கோல் இல்லை, வெறும் கை. உரல் வடிவத்தில் மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய மேளங்கள். வெளிச்சம் வந்தபோது அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழெட்டு ஆண்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, அடியில் சுரைக்குடுக்கைகள் தொங்கும் மரப்பலகைகளைத் தட்டினார். அது தண்ணீர் விழுகிற மாதிரி ஒலித்தது. எங்கள் பேண்டு செட்டில் வாசிக்கிறவர் வாசிப்பார், ஆடுகிறவர் ஆடுவார். இவர்கள் மேளத்தைத் தட்டிக்கொண்டே அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு, கால் தரையில் படும்போது தாளத்திலேயே வந்து விழுந்தார்கள். கேலரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவர்களின் தலைவர் தோளில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி, நுனியில் மணி கோத்திருந்தாள். கையில் ஒரு குட்டி மேளம். அவள் அதில் நான்கு தட்டுத் தட்டினாள். பேண்டு மேடையிலிருந்து டிரம்பெட் பதில் சொன்னது. அவள் வேறு மாதிரித் தட்டினாள். டிரம்பெட் அதையும் பிடித்துக்கொண்டது. அப்பா வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி ரிங்குக்குள் வந்தார். இரண்டு பேரும் கேள்வியும் பதிலுமாக ரிங்கைச் சுற்றி வந்தார்கள். அப்பாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. அப்படி அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் நாற்காலிக்கு நேரே வந்தபோது "அப்பா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி எங்களைக் கடந்து போனார். தோளில் இருந்த அந்தப் பிள்ளைதான் திரும்பிப் பார்த்து எனக்குக் கையாட்டினாள்.

பின்னாலிருந்து ஜெயந்தி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு நடந்தது எதையும் நான் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. கீழே நான்கு பேர், அவர்கள் தோளில் இரண்டு பேர், அவர்கள் தோளில் ஒருவர் என்று நின்றார்கள். எல்லோருக்கும் மேலே அந்தப் பிள்ளை ஏறினாள். மேளங்கள் அடங்கின. அப்பா டிரம்பெட்டை உயர்த்தி ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டினார். அது ஏறும்போது அவள் மெல்ல எழுந்து நின்றாள். அது நிற்கும் நொடியில் அவள் குதிக்க வேண்டும். அப்பா மூச்சு இருக்கிற வரை இழுத்தார். கூடாரமே வாய் பிளந்து பார்த்தது. சுரம் நின்றது. அவள் அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே நின்றவர்களின் கைகளில் வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிந்து கூடாரத்தின் பின்பக்கம் போனோம். அப்பாவும் அந்தத் தலைவரும் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்றா சொல்வது? அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு அவர் மொழி தெரியாது. அப்பா மில்லில் பேசுகிற மாதிரி கையால் பேசினார். அவருக்கு எல்லாம் விளங்கியது. அவரும் கையால் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் பிள்ளை அப்பாவின் மடியிலிருந்த டிரம்பெட்டைக் கேட்காமல் எடுத்தாள். வாயில் வைத்து ஊதினாள். முதல் தடவையிலேயே சத்தம் வந்தது. அப்பா அவள் தலையில் தட்டிக் கொடுத்தார்.

"இது மரியம்மா" என்று எங்களிடம் சொன்னார். என்னை அவர்களுக்குக் காட்டி என்ன சைகை செய்தார் என்று நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பெயர் மரியாமா. அது எங்கள் வாயில் மரியம்மா ஆனது. அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா அவளையும் அவள் அப்பாவான அந்தத் தலைவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா அதை மாரியம்மா என்று கேட்டு, "அட, நம்ம ஆத்தா பேரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கறிக்கடை பாய்க்கு மட்டும்தான் சரியாக விளங்கியது. அவர் தெரு வாசலில் வைத்து சலாம் சொல்ல, அவர்கள் பதில் சலாம் சொன்னார்கள். "மரியம். நம்ம பிள்ளைல்லா" என்று பாய் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பா, அக்கா, பாய் என்று மூன்று பேரும் அவளைச் சொந்தம் கொண்டாடினார்கள். என்னை அப்படி யாரும் கொண்டாடியதில்லை.

பாய் கடையில்தான் கறி எடுத்திருந்தார் அப்பா. அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். மரியாமா குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

"எம்புட்டு ஆசையாச் சாப்பிடுது பாரு. நீயுந்தான் இருக்கியே, கொறிச்சிக்கிட்டு" என்றாள் என்னிடம்.

ரசம் ஊற்றும்போது மரியாமாவின் உடுப்பில் கொட்டிவிட்டது. அம்மா உடனே என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் கிறிஸ்துமஸ் கவுன எடு."

"வேற இருக்கு."

"வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பழசையா குடுப்பாவ? எடு."

எடுத்துக் கொடுத்தேன். வெளிர் நீலத்தில் கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்தது. எனக்கு அது தோளில் கொஞ்சம் தொங்கும். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டு அவள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். அப்பா கை தட்டினார். எனக்கு அந்தக் கவுனை வாங்கிக் கொடுத்த அன்று அவர் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

சாப்பிட்ட பிறகு அப்பா டிரம்பெட்டை எடுத்தார். எங்கள் சபைக் கோயிலில் பாடுகிற ஒரு கீர்த்தனையின் முதல் வரியை வாசித்து, அதை அவளிடம் கொடுத்தார். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். அவள் தப்பும் தவறுமாக மூன்று சுரங்கள் வாசித்தாள். அவளுடைய அப்பா முழங்காலில் தாளம் போட்டார். தெருவே ஜன்னலில் நின்றது. நான் அடுப்படியில் போய் பாத்திரம் தேய்த்தேன். அம்மா சொல்லாமலே பாத்திரம் தேய்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கவுன் இரண்டு நாளில் துவைத்து மடித்துத் திரும்பி வந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். நாலு மணிக்கு ஒரே ஆட்டம்தான், அது முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். நான் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்த அம்மா, என்னையும் கூட்டிப் போகும்படி அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னைப் பேண்டு மேடைக்குப் பின்னால், வாத்தியப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. இடைவேளையில் மரியாமா ஜிகினா உடுப்போடு ஓடிவந்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். அது அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிரித்து எனக்கும் நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் ஓடிவிட்டாள்.

அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். டிரம்பெட் நாற்காலியில் இருந்தது. வாயில் வைத்து ஊதுகிற அதன் மவுத்பீஸைச் சும்மா திருகினால் கையோடு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போனேன், திருகினேன், என் கவுன் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதை எடுத்தால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியும் பதிலும் இன்றைக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேளங்கள் தொடங்கின. அப்பா திரும்பி வந்து டிரம்பெட்டை எடுத்தார். நாற்காலிக்கு அடியில் பார்த்தார். பெட்டியில் பார்த்தார். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தடவினார். பக்கத்தில் கிளாரினெட் வாசிக்கிறவரைக் கேட்டார். உள்ளே மரியாமா நான்கு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். அவளுடைய அப்பா ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுகொண்டு, கேள்வி பதிலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்படி மேளத்திலேயே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் மேல் இரண்டு பேர். அவர்கள் மேல் ஒருவர். மரியாமா ஏறினாள். மேளங்கள் அடங்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுரம் இல்லாமல் அவள் எப்போது எழுவாள், எப்போது குதிப்பாள்? கீழே ஏந்திக்கொள்கிறவர்களுக்கும் அதுதான் கணக்கு. அவள் உச்சியில் குந்தியபடி பேண்டு மேடையைப் பார்த்தாள். அடியில் நின்ற ஒருவரின் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பையில் கையை விட்டேன். மவுத்பீஸ் கையில் தட்டுப்பட்டது. எழுந்து கொடுத்துவிடலாம். நான் எழவில்லை.

அப்பா டிரம்பெட்டைக் கீழே வைத்தார். மேடையிலிருந்து குதித்து ரிங்குக்குள் ஓடினார். இரண்டு உள்ளங்கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, அந்தச் சுரத்தைத் தொண்டையால் பாடினார்.

முதலில் கேலரி சிரித்தது. கோமாளி வேலை என்று நினைத்துவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. கோயிலில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் முணுமுணுப்பவர், கூடாரத்தின் உச்சி வரை கேட்கப் பாடினார். சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் கறுத்தது. மரியாமா எழுந்து நின்றாள். அவர் மூச்சு தீர்ந்து குரல் நின்ற நொடியில் குதித்தாள். இரண்டு சுற்று. கைகளில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த மாதிரி ஒரு கைதட்டலை அதன் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை. மேனேஜர் ஓடிவந்து, இது ஏன் முதல் நாளே தோன்றவில்லை என்று கேட்டார். மரியாமா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கெடுக்கப் போன ஆட்டம்தான் அந்தப் பத்து நாளிலேயே எடுப்பான ஆட்டமாகப் போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் கூடாரத்தின் பின்பக்கம், குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டிக்கு அருகே போனேன். மவுத்பீஸை அதற்குள் போட்டுவிடுவது என் எண்ணம். கையை நீட்டியபோது பின்னால் மணிச் சத்தம். மரியாமா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். நான் அதில் வைத்தேன். அவள் அதை உடுப்பில் துடைத்துக்கொண்டு நடந்தாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அப்பாவும் அவள் அப்பாவும் மேனேஜரும் சேர்ந்து நின்றிருந்தார்கள். அவள் மவுத்பீஸை என் அப்பாவிடம் கொடுத்தாள். தன் அப்பாவிடம் அவர்கள் மொழியில் இரண்டு மூன்று வார்த்தை சொன்னாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

இரண்டாவது அடி விழுவதற்குள் என் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னார். மரியாமாவைத் தன் பக்கம் இழுத்து அவள் கன்னத்தைத் தடவினார். அவள் அழவில்லை. அவருடைய கைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டியிருந்தது 'நான்தான்' என்ற ஒரே சொல். சொல்லவில்லை. அந்த நேரத்திலும் என் கண் அவள் கன்னத்தில் இருந்த அப்பாவின் கையின் மேல்தான் இருந்தது. அடி வாங்குவதில்கூட அவள் என்னை முந்திவிட்டாள் என்று இருந்தது.

மேனேஜர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கேரளத்துக்காரர், பாதி மலையாளத்தில் பேசினார். அடுத்த முகாம் தென்காசி, அதற்கப்புறம் திருவனந்தபுரம், எர்ணாகுளம் என்று ஆறு மாதம் போகும். கினிக்காரருக்கு இனி வேறு ஆள் வேண்டாமாம். நீங்கள்தான் கூடவே வர வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு லாரிகள் ராஜபாளையம் வழியாகத்தான் போகும், ரோட்டுக்கு வந்து நின்றால் ஏற்றிக்கொள்வோம். மேனேஜர் பேசி முடிக்கும் வரை மரியாமாவின் அப்பா என் அப்பாவின் தோளில் கையைப் போட்டபடி நின்றார்.

"வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றார் அப்பா. அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். டிரம்பெட் பெட்டி அவர் மடியில் இருந்தது. மலைப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழி வந்துவிட்டோம். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, நான் வாசிக்கது ஒனக்குப் பிடிக்கலையா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்கு நெஞ்செல்லாம் மரியாமா இருந்தாள். அவளோடு வாசிப்பது, அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது, அவர் சட்டைப் பையில் அவள் கை விடுவது.

"பிடிக்கல" என்றேன்.

"ம்" என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் மேனேஜர் கேட்டதைச் சொன்னார். அம்மா சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். "ஆறு மாசந்தான? மில்லுல சம்பளமில்லா லீவு கேளுங்க. நான் பாத்துக்கிடுதேன். இந்தப் பத்து நாளாத்தான் ஒங்க மொகத்துல ஒரு வெளிச்சத்தப் பாக்கேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"பிள்ளைக்குப் பிடிக்கல."

"பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அப்பா, சோறு வைக்க வந்த கரண்டியைக் கையால் மறித்துவிட்டு எழுந்து போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரியாமாவுக்காகக்கூட அப்பா போகவில்லை. நான் ஒரு சொல் சொன்னேன், அப்பா இருந்துவிட்டார். கடைசியில் யாருக்கு யார் முக்கியம் என்று தெரிந்துவிட்டது அல்லவா? அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் லீவு முடிந்து முதல் ஷிப்ட். அப்பா ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தூக்குவாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். விடுமுறையில் அவ்வளவு காலையில் நான் எழுந்ததே இல்லை. அன்றைக்கு எழுந்து வாசலில் போய் நின்றேன், ஜெயித்தவள் மாதிரி. "போயிட்டு வாரேன் பாப்பா" என்றார்.

எங்கள் தெரு போய் முட்டுகிற இடத்தில் தென்காசி ரோடு. அங்கே வலப்பக்கம் திரும்பினால் மில். அப்பா திரும்பவில்லை. ரோட்டோரத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். ரோட்டில் என்ன போகிறது என்று எங்கள் வாசலிலிருந்து தெரியாது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அந்த ரோட்டில் எந்நேரமும் கேட்கிற சத்தம்தான். மில் சங்கு ஊதியது. சங்கு ஊதி முடித்த பிறகும் அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பல் துலக்க உள்ளே போனேன்.